பூட்டிய வீட்டுக்கு மோட்டார் வால்வு வேண்டுமா?

கோட்டையூரில் உள்ள எங்கள் பெரிய வீடு வருடத்தில் இருபது நாள் திறந்திருந்தால் அதிகம். பிள்ளையார் நோன்பு, ஒரு கல்யாணம், யாராவது ஒருவரின் சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்), அவ்வளவுதான். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் காலையில் வந்து வளவை (உள்முற்றத்தை)க் கூட்டி, மாலையில் விளக்கேற்றிவிட்டுப் போவார். நான் குடியிருப்பது காரைக்குடியில், சிறிய வீட்டில். இரண்டு வீட்டிலும் மெத்தையில் (மொட்டை மாடியில்) சோலார் வெந்நீர்த் தொட்டி, கீழே மின்சார ஹீட்டர், இரண்டுக்கும் நடுவில் மோட்டாரால் திரும்பும் மூன்று வழி வால்வு. சென்ற ஆண்டு இரண்டு வால்வுகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பருவத்தில் நின்றுபோயின. காரைக்குடி வீட்டில் மோட்டார் வால்வையே பழுது பார்த்து வைத்துக்கொண்டேன். கோட்டையூரில் அதைக் கழற்றி எடுத்துவிட்டேன். ஒரே கோளாறுக்கு ஏன் இரண்டு விதமான முடிவு என்று பங்காளிகள் கேட்டார்கள். இந்தப் பக்கத்தில் பெரிய வீடுகளைப் பூட்டி வைத்திருக்கும் மற்றவர்களும் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கோட்டையூரில் அது தெரியவந்தது நோன்புக்கு முந்தின நாள். மார்கழி, வடகிழக்குப் பருவமழை விட்டபாடில்லை, மூன்று நாளாக வெயில் முகம் காட்டவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் விடியற்காலையில் குளிக்கப் போனால் குழாயில் பச்சைத் தண்ணீர். ஹீட்டரின் விளக்கு எரிந்து, சூடு ஏறி, தானாக அணைந்தும்விட்டது. குழாயில் மட்டும் சூடு இல்லை. எண்பது வயது கடந்த பெரிய ஆச்சி ஒன்றும் சொல்லாமல் அந்தத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் ஹீட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் போய்விட்டது என்றார். புது எலிமென்ட் மாட்டினார். மறுநாளும் பச்சைத் தண்ணீர்தான்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவர் எங்கே தவறினார் என்பது புரியும். மெத்தையிலிருந்து சோலார் தண்ணீர் இறங்கி, வீட்டின் இரண்டாவது பகுதியான இரண்டாங்கட்டின் மூலையில் இருக்கும் வால்வுக்கு வருகிறது. சோலார் தொட்டியில் 45 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் வால்வு நேராகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிடும். அதற்குக் குறைந்தால், கன்ட்ரோலர் சொன்னபடி மோட்டார் திரும்பி, தண்ணீரை 100 லிட்டர் ஹீட்டர் வழியாக அனுப்பும். உள்ளே இருப்பது எல் வடிவத்தில் துளையிட்ட ஓர் உருண்டை. கால் வட்டம் திரும்பினால் வழி மாறும். எங்கள் வீட்டு உருண்டை சோலார் பக்கமே பார்த்தபடி நின்றுவிட்டது. ஹீட்டருக்குள் கொதிக்கக் கொதிக்க 100 லிட்டர் இருந்தும் அது வெளியே வர வழியில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஹீட்டரிலிருந்து வெளியேறும் குழாயில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. ஹீட்டரின் பாதுகாப்பு வால்வுக் கொக்கியைக் கொஞ்சம் தூக்கினேன். ஆவியோடு தண்ணீர் பீய்ச்சியது. ஹீட்டர் சூடு, அதன் குழாய் குளிர் என்றால் இடையில் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். எலிமென்ட்டுக்குக் கொடுத்த பணம் வீண் என்பது அந்த நிமிடத்தில் உறுதியாகிவிட்டது. இதை நீங்கள் செய்து பார்க்கும்போது கையை விலக்கி வையுங்கள். 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும்.

அடுத்தது, வழியை அடைப்பது எது என்பது. மோட்டார் வால்வில் கெடக்கூடியவை மூன்று: தண்ணீருக்குள் இருக்கும் உருண்டை, அதன் மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார்த் தலை, இரண்டையும் ஏவும் கன்ட்ரோலரும் அதன் சென்சாரும். மின்சாரத்தை வெட்டும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, தலையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால் தலை தனியாக வந்துவிடும். குழாயில் இருக்கும் தண்ணீரை இறக்க வேண்டியதில்லை. தலைக்கு அடியில் சதுர முனையுள்ள ஒரு தண்டு நிற்கும். அதை ஸ்பானரால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பினால் உருண்டை நன்றாக இருக்கிறது. குற்றம் தலையிலோ கன்ட்ரோலரிலோதான். எம்சிபியைத் திரும்பப் போட்டு, கன்ட்ரோலர் ஏவும் நேரத்தில் தலைக்கு வரும் கம்பிகளில் 230 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். வருகிறது, தலை அசையவில்லை என்றால் தலை போய்விட்டது. வரவில்லை என்றால் கன்ட்ரோலரையும் மெத்தைக்குப் போகும் சென்சார்க் கம்பியையும் பாருங்கள். இங்கே அணில்கள் அந்தக் கம்பியைக் கடித்துவிடுவது சாதாரணம். டெஸ்டர் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும்.

காரைக்குடி வீட்டில் தண்டு விரலுக்கே திரும்பியது, மின்சாரமும் வந்தது, மோட்டார் மட்டும் ஊமையாக இருந்தது. கோட்டையூரில் நேர்மாறு. மோட்டார் தனியே நன்றாகச் சுற்றியது, தண்டு அசையவில்லை. ஸ்பானரோடு ஒரு குழாய்த் துண்டைச் செருகி நீளமாக்கி அழுத்தியபோது, கற்கண்டு நொறுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பளபளக்க வேண்டிய உருண்டையின் ஒரு பாதியில் காய்ந்துபோன சுண்ணாம்பு டப்பியின் உட்புறம் போல வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. கத்தியின் முதுகால்தான் வந்தது. வளவுச் சுவரில் இன்றும் பட்டுப்போல மின்னுகிற சுண்ணாம்புப் பூச்சும் இறுகிய பிறகு கால்சியம் கார்பனேட்தான், இந்தப் பொருக்கும் அதேதான். சுவரில் நமக்குப் பெருமையாக நிற்பது வால்வுக்குள் விலங்காகிவிட்டது.

ஏன் படிந்தது? எங்கள் போர்த் தண்ணீர் கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. எங்கள் தண்ணீர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. பெரும்பாலான உப்புகள் சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு உப்பு சூடு ஏற ஏறப் பிரிந்து படியும். வீடு பூட்டியிருந்தாலும் மெத்தையில் வெயில் அடிக்காமல் இருப்பதில்லை. சித்திரை, வைகாசி முழுவதும் யாரும் எடுக்காத தண்ணீர் தொட்டியில் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு குழாய் வழியாக வால்வு வரை இறங்கும். மழை, பனி என்று யாரும் ஹீட்டரைக் கேட்காத மாதங்களில் உருண்டை ஒரே பக்கம் பார்த்தபடி நிற்கும். தினம் ஒரு முறை திரும்பியிருந்தால் தன் மேல் படிவதைத் தானே வழித்துத் தள்ளியிருக்கும்.

இங்கிலாந்தில் இருக்கும் என் ஆச்சி (அக்கா) மகனிடம் இதைச் சொன்னபோது அவன் வீட்டிலும் இதே கதை என்றான். அங்கே வீட்டைச் சூடாக்க அறைக்கு அறை ரேடியேட்டர் உண்டு. பாய்லரிலிருந்து வரும் வெந்நீரை ரேடியேட்டருக்கா, குளியலறைத் தொட்டிக்கா என்று பிரிப்பது இதே மாதிரி மோட்டார் வால்வுதான். கோடை முழுவதும் ரேடியேட்டர் பக்கத்து வால்வு சும்மா நிற்கும். குளிர் தொடங்கி முதல் முறை போடும்போது அது அசைய மறுக்கும். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊரில் பரவலாக இருக்கும் வால்வை மோட்டார் திறக்கும், சுருள்வில் (ஸ்பிரிங்) மூடும். திறந்திருக்கும் நேரமெல்லாம் மோட்டாரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே மோட்டார் சூடேறிக் கருகுவது அதிகம். வால்வு முழுதும் திறந்தவுடன் உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் ஆரஞ்சு நிறக் கம்பி வழியாகப் பாய்லரை ஏவும். அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் யாரும் கேட்காமலேயே பாய்லர் ஓடும். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை நகர்த்தினால் சுருள்வில் எதிர்க்க வேண்டும். தளர்வாக ஆடினால் வால்வு ஏற்கெனவே திறந்திருக்கிறது. நம் வீட்டு உருண்டை வால்வில் சுருள்வில் இல்லை. மோட்டார் திரும்பும் சில விநாடிகள் மட்டும் ஓடி நின்றுவிடும். கரண்ட் போனால் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நிற்கும். ஆகவே அங்கே எழுதிய பழுது பார்ப்புக் குறிப்புகளை அப்படியே இங்கே பின்பற்றினால் வழி தவறும்.

இனி, கையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

தலையை மட்டும் மாற்றுவது. உருண்டை இலகுவாகத் திரும்பினால் இதைவிட நல்ல வழி இல்லை. குழாயை அறுக்க வேண்டாம், தண்ணீரை நிறுத்த வேண்டாம், ஒரு மணி நேர வேலை. காரைக்குடி வீட்டில் இதைத்தான் செய்தேன். பழைய தலையின் படத்தையும் அதன் மேல் ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் போனில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தண்டின் சதுர அளவு, எத்தனை கம்பி, 230 வோல்ட்டா 24 வோல்ட்டா, இந்த மூன்றும் பொருந்தாமல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க நேரிடும். உருண்டை இறுகியிருக்கும் வால்வின் மேல் புதுத் தலையை மாட்டுவது மட்டும் பெருந்தவறு. புது மோட்டார் பலமாக இழுத்துத் தன் பற்சக்கரத்தைத் தானே உடைத்துக்கொள்ளும்.

வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது. கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் பொருக்கு கரைந்துவிடும். நான் செய்து பார்த்தேன். உருண்டை பித்தளை நிறத்துக்கு வந்தது. உருண்டையை இரண்டு பக்கமும் அணைத்திருக்கும் வெள்ளை வளையத்தில் மட்டும் கீறல் விழுந்திருந்தது. முன்பு ஸ்பானரால் அழுத்தித் திருப்பியபோது பொருக்கு அதை அறுத்திருக்கிறது. கீறிய வளையத்தோடு திரும்ப மாட்டினால் மூடிய பக்கத்திலும் தண்ணீர் கசியும். சோலாரின் ஆறிய தண்ணீர் ஹீட்டரின் வெந்நீரோடு கலந்து குளியல் வெதுவெதுப்பாகவே இருக்கும். கீறல் இல்லை என்றால் சுத்தம் செய்து மாட்டலாம். குழாயை அறுக்காமல் கழற்ற இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

முழு வால்வையும் புதிதாக வாங்குவது. பணம் அதிகம், வேலை சுலபம். தினம் ஆள் இருக்கும் வீட்டில் இது பல ஆண்டுகள் உழைக்கும். பூட்டிய வீட்டில் அதே உருண்டை, அதே தண்ணீர், அதே சித்திரை வெயில். எத்தனை வருடத்தில் என்பதுதான் கேள்வி; இறுகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சில கன்ட்ரோலர்கள் வாரம் ஒரு முறை வால்வைத் தானாகத் திருப்பி விடும். அப்படி ஒன்று இருந்தால் பூட்டிய வீட்டுக்கும் மோட்டார் வால்வு சரிப்படும். ஆனால் எங்கள் வீட்டில் பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவோம். பழைய மர வேலைகளும் பழைய ஒயரிங்கும் இருக்கும் வீட்டில் ஆள் இல்லாதபோது மின்சாரத்தை விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

கடைக்காரர் சோலினாய்டு வால்வை (மின்காந்தத்தால் திறப்பதை)க் காட்டினார், விலையும் குறைவு. வாங்காதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சோலினாய்டு வால்வு திறக்கத் தண்ணீரின் அழுத்தமே உதவ வேண்டும். பலவற்றுக்கு அரை ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவாவது தேவை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார். மெத்தைத் தொட்டிக்கும் இரண்டாங்கட்டு வால்வுக்கும் எங்கள் வீட்டில் நான்கு மீட்டர்தான், 0.4 பார். பம்பு வைத்த வீட்டுக்குச் செய்தது நம் வீட்டில் பாதி திறந்து முனகும்.

குளியலறைக்கு ஒரு கீசர் என்று போட்டுவிடலாமே என்பது சென்னையில் இருக்கும் தம்பியின் யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 கிலோவாட் கீசர் ஒன்று 13 ஆம்பியர் இழுக்கும். நோன்பன்று காலையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் போட்டால் 52 ஆம்பியர். அந்த வீட்டின் ஒயரிங் விளக்குக்கும் விசிறிக்கும் இழுத்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரையும் கொத்தி ஒயர் பதிக்க நான் சம்மதிக்க மாட்டேன். கொத்திய இடத்தில் அதே பூச்சை அதே வழவழப்போடு திரும்பப் பூசக்கூடிய கைகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. புதிதாகக் கட்டிய வீடு, மூன்று பேஸ் மின்சாரம் என்றால் இந்த யோசனை தவறில்லை.

வால்வே இல்லாமல் சோலாரையும் ஹீட்டரையும் வரிசையாக இணைத்துவிடுவது இன்னொரு வழி. சோலார் தண்ணீர் எப்போதும் ஹீட்டர் வழியாகவே போகும். சூடு போதவில்லை என்றால் மட்டும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைப் போடும். நகரும் உருண்டை இல்லை, மறதிக்கு இடமில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. தயங்கியதற்கு இரண்டு காரணங்கள். கோடையில் எங்கள் சோலார் தண்ணீர் 80 டிகிரியைத் தொடுகிறது. அவ்வளவு சூடான தண்ணீரை உள்ளே விடலாமா என்பதை ஹீட்டர் செய்தவர்களின் கையேட்டில் பார்க்க வேண்டும். எங்கள் ஹீட்டருக்கு அனுமதி இல்லை. இரண்டாவது, கடின நீர் முழுவதும் ஹீட்டர் வழியாகவே போவதால் எலிமென்ட்டில் பொருக்கு அதிகமாகும். ஹீட்டரையே புதிதாக வாங்கப் போகிறவர்கள் இந்த வழியை முதலில் யோசியுங்கள்.

கடைசியாக, கைப்பிடி வால்வு. கோட்டையூருக்கு நான் முடிவு செய்தது இதைத்தான். நேர்க் குழாயில் ஒன்று, ஹீட்டருக்குள் போகும் குழாயில் ஒன்று, ஆக இரண்டு சாதாரண பால் வால்வு (கையால் திருப்பும் உருண்டை வால்வு). மோட்டார் வால்வின் விலையில் சிறு பங்குதான் செலவு. கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. விளக்கு வேண்டாம், கன்ட்ரோலர் வேண்டாம், பார்த்தாலே தெரியும். இந்த உருண்டையிலும் பொருக்கு படியும். ஆனால் இறுக ஆரம்பிப்பதைக் கை முதலிலேயே உணர்ந்துவிடும். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. நின்றுபோன பிறகுதான் நமக்குத் தெரியும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் மாதப் பிறப்பன்று இரண்டு கைப்பிடியையும் ஒரு முறை திருப்பி, பழையபடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மெயின் அணைந்திருந்தாலும் இது நடக்கும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டு வால்வையும் ஒரே நேரத்தில் மூடிவிட்டு ஹீட்டரைப் போட்டால் உள்ளே சூடாகி விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஏதாவது ஒன்று திறந்திருந்தால் அது சோலார் தொட்டிக்குத் திரும்பி ஏறி, அங்கிருக்கும் காற்றுக் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொள்ளும். ஆகவே ஒன்றைத் திறந்த பிறகே மற்றொன்றை மூட வேண்டும். ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு நல்ல நிலையில் இருக்க வேண்டும். அதன் வாயை யாராவது சொட்டுகிறது என்று அடைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள். ஹீட்டரிலிருந்து வெளியேறும் குழாயில் எந்த வால்வும் வைக்காதீர்கள். தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஒரு வழி வால்வு போதும். நேர்க் குழாயின் கைப்பிடிக்கு மஞ்சள் நிறமும் ஹீட்டர்க் குழாயின் கைப்பிடிக்குச் சிவப்பு நிறமும் அடித்து, பக்கத்துச் சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன்: வெயில் நாள் என்றால் மஞ்சளைத் திற, பிறகு சிவப்பை மூடு, மழை நாள் என்றால் சிவப்பைத் திற, பிறகு மஞ்சளை மூடு.

ஆள் வேண்டுமே என்று கேட்டார்கள். வேண்டும்தான். ஆனால் இந்த வீட்டில் வெந்நீர் தேவைப்படும் நாள் என்றாலே வீடு நிறைய ஆள் இருக்கும் நாள். ஆள் இல்லாத நாளில் வெந்நீருக்கே வேலை இல்லை. காரைக்குடி வீட்டில் நிலைமை வேறு. காலை ஐந்தரைக்கு வானத்தைப் பார்த்து யார் கைப்பிடியைத் திருப்புவது? அங்கே வால்வு நாள் தவறாமல் திரும்புகிறது, பொருக்கு உட்கார நேரமில்லை. அங்கே மோட்டார் தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது.

மூன்றாங்கட்டில் செம்பு அண்டா இருக்கிறது. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற மின்சாரத்தில் நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டு மணி நேரம். அறுபது பேர் கூடும் சாந்தி வீட்டில் இது எந்த மூலைக்கு? அன்றைக்கு விறகு அடுப்பும் அண்டாவும்தான் காப்பாற்றும். எந்த வால்வும் காப்பாற்றாது.

பல மாதம் கழித்துத் திறக்கும் வீட்டில் குழாய்க்குள் நின்ற தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கலாம். அதனால் உறவினர்கள் வருவதற்கு முந்தின நாளே போய்ச் சிவப்பைத் திறந்து மஞ்சளை மூடி, ஹீட்டரை 60 டிகிரிக்கு வைத்து, அந்தச் சூடான தண்ணீர் எல்லாக் குளியலறைக் குழாயிலும் சில நிமிடம் ஓடும்படி திறந்துவிடுகிறேன். பாத்ரூம் கதவைச் சாத்தி, ஆவியை முகர்ந்துவிடாமல் வெளியே நின்றுகொள்கிறேன். அந்தத் தண்ணீரோடு வரும் வெள்ளைத் துகள்களை ஒரு வாளியில் பிடித்துப் பார்ப்பேன். போன மார்கழியில் ஒரு கை நிறைய வந்தது. இந்த முறை அடியில் ஒரு சிட்டிகைதான்.